அப்புச்சி தோட்டம் குழு: நுரைக்காத சோப்பு

சனிக்கிழமை

சின்ன அத்தை, தாராபுரம் (காலை 6:50): கண்ணு, நோம்பிக்கு நீ கொடுத்த சோப்பை இன்றைக்குத்தான் பிரித்தேன். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வரவில்லை. தலைக்குப் போட்டால் முடி பிசுபிசு என்று ஒட்டிக்கொள்கிறது.

சின்ன அத்தை: [படம்: நீலப் பக்கெட். உள்விளிம்பைச் சுற்றித் திரிந்த தயிர் மாதிரி ஒரு வெள்ளை வளையம்]

நான்: அத்தை, கோவையில் நான் தினமும் அதே சோப்புதான் போடுகிறேன். கை கொள்ளாத நுரை வருகிறதுங்க. எல்லாம் ஒரே நாளில் ஒரே போசியில் கலக்கி ஊற்றியது.

சின்ன மாமா: எண்ணெய் எங்கே வாங்கினாய்?

நான்: பெரிய மாமா மில் எண்ணெய்தானுங்க.

சின்ன மாமா: அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய சரக்கு ஏதாவது கலந்துவிட்டதா? தேங்காய் எண்ணெயில் இப்போதெல்லாம் என்னென்னவோ ஊற்றுகிறார்கள் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள்.

பெரிய மாமா, காங்கேயம் (7:12): தம்பி, அது என் களத்தில் காய்ந்த கொப்பரை. பூசணம் பிடித்ததைக் கையால் பொறுக்கி ஒதுக்கிவிட்டுத்தான் ஆட்டினேன். அதே டின்னில் இருந்துதான் வீட்டுச் சமையலுக்கும் எடுத்தோம். என் எண்ணெயில் இன்று வரை யாரும் குறை சொன்னதில்லை.

அம்மா: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தங்கச்சி பார்க்கட்டும். இருபது வருசமாக வேதியியல் நடத்துகிறாளே.

சித்தி, ஈரோடு (7:35): இப்போதுதான் பார்த்தேன். எண்ணெய் மேல் பழி வேண்டாம். அந்த வெள்ளை வளையத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது உங்கள் போர் தண்ணீரின் வேலை. நங்கை, வீட்டில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் இருக்கிறதா? இரண்டு பாட்டிலில் கால் பாகம் மட்டும் ஊற்றுங்கள். ஒன்றில் கேன் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். தட்டைப்பயறு அளவுக்குச் சோப்பைச் சீவி இரண்டிலும் போட்டு, மூடி, இருபது தடவை குலுக்குங்கள்.

சின்ன அத்தை (7:58): [படம்: திண்ணையில் இரண்டு பாட்டில்கள்]

சின்ன அத்தை: கேன் தண்ணீரில் கழுத்து வரைக்கும் நுரை. போர் தண்ணீரில் நுரையே இல்லை. கெட்டுப்போன மோர் மாதிரி வெள்ளைத் துகள் மிதக்கிறது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மெழுகு மாதிரி இருக்கிறது.

சித்தி: அந்த மெழுகும் சோப்புதான் நங்கை. கால்சியம் சோப்பு.

சித்தி: கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். எண்ணெய் என்பது ஒரு கிளிசரினில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்குகிற மூலக்கூறு. காஸ்டிக் சோடா என்ற சோடியம் காரம் சேர்த்ததும் அமிலங்கள் கிளிசரினை விட்டு வந்து சோடியத்தோடு சேர்ந்துவிடுகின்றன. அந்தச் சோடியம் உப்புதான் சோப்பு. சாப்பாட்டு உப்பு எப்படி ஓர் உப்போ அப்படியே இதுவும் ஓர் உப்பு. என்ன, இதற்கு நீண்ட எண்ணெய் வால் ஒன்று இருக்கும். வால் அழுக்கிலுள்ள எண்ணெய்ப் பசைக்குள் போகும். தலை தண்ணீரை விடாது. அதனால்தான் அழுக்கு தண்ணீரோடு கிளம்பி வருகிறது. சோப்பு இப்படி ஓர் உப்பு என்று கண்டு சொன்னவர் செவ்ரல் என்ற பிரெஞ்சுக்காரர். 1811இல் பன்றிக் கொழுப்புச் சோப்பை ஆராயத் தொடங்கி, 1823இல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார். 102 வயது வரை இருந்த மனிதர்.

சித்தி: இப்போது உங்கள் தண்ணீருக்கு வருகிறேன். நாம் உப்புத் தண்ணீர் என்கிறோமே, அதில் சாப்பாட்டு உப்பை விட நமக்குத் தொல்லை கொடுப்பது கால்சியமும் மெக்னீசியமும். சோடியத்துக்கு ஒரு கை. ஒரு வாலைத்தான் பிடிக்கும், தண்ணீரில் எளிதில் பிரிந்தும் விடும். கால்சியத்துக்கு இரண்டு கை. இரண்டு வாலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கரையாமல் வெளியே வந்துவிடும். நீங்கள் தேய்க்கிற சோப்பெல்லாம் முதலில் அந்தக் கால்சியத்துக்கே போகிறது. அது தீர்ந்த பிறகுதான் உடம்புக்கு.

சின்ன மாமா: எவ்வளவு போகும்?

சித்தி: கணக்குப் போட்டுவிடலாம் அண்ணா. குடிநீர்த் தரநிலைப்படி கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லை என்றால் 600 வரை. உங்கள் போரை 600 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் பக்கெட்டில் இருக்கிற கால்சியம் முழுவதையும் அடக்க, இந்தத் தேங்காய்ச் சோப்பு ஏறக்குறைய 55 கிராம் வேண்டும். பிள்ளை செய்த கட்டி 100 கிராம்.

சின்ன அத்தை: ஒரு பக்கெட் தண்ணீருக்குப் பாதிக் கட்டியா!

பெரிய மாமா: தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல் தண்ணீரிலேயே நுரைக்கும் என்று எங்கள் அப்பா சொல்லுவார். அது பொய்யா?

சித்தி: உண்மைதான் அண்ணா. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். வால் குட்டை, அதனால் சோப்பு சட்டென்று கரையும், உப்பு மிகுந்த தண்ணீரிலும் மற்ற சோப்பை விடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் போரிலிருந்து இவ்வளவு கால்சியம் ஏறி வந்தால் அதுவும் தோற்றுப்போகும். கோவையில் நுரைத்ததற்குக் காரணம் சிறுவாணி. மலையில் பெய்த மழை, பாறையில் அதிகம் ஊறாமல் வந்து சேர்கிற தண்ணீர்.

பெரிய மாமா: அப்படியானால் எண்ணெயில் குறை இல்லை.

சித்தி: துளியும் இல்லைங்க அண்ணா. கேன் தண்ணீர் பாட்டிலில் கழுத்து வரை நுரை நின்றதே, அது உங்கள் எண்ணெய்தான்.

தம்பி, திருப்பூர் (8:20): எங்கள் சாயப்பட்டறை லேப்பில் காலையில் முதல் வேலையே தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்ப்பதுதான். அது ஏறினால் அன்றைக்குத் துணியில் திட்டு விழும். பிசின் மணிகள் நிரப்பிய தொட்டி வழியாகத் தண்ணீரை விடுவோம். மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவுவோம், மறுபடி வேலை செய்யும்.

அம்மா: தோட்டத்துக்கு அதெல்லாம் ஆகாது. துணி துவைக்க ஏதாவது சொல்லு.

சித்தி: துணிக்கு வாஷிங் சோடா போதும் அக்கா. பக்கெட்டுக்கு ஒரு பெரிய கரண்டி போட்டுக் கலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால், கால்சியம் சுண்ணாம்புத் தூளாக அடியில் இறங்கிவிடும். மேல் தண்ணீரை மொண்டு துவைத்தால் சோப்பு மிச்சம். பட்டுக்கு மட்டும் வேண்டாம், காரம் ஆகாது. உடம்புக்கும் தலைக்கும் வேண்டாம்.

சின்ன மாமா: அப்புச்சி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரே பேசுகிறாராம்.

[அப்புச்சியின் குரல் பதிவு, 41 நொடி: "சாமி, அந்தக் காலத்தில் துணி வெளுக்கிறவர் ஓடையோரம் உவர்மண் அள்ளி வந்துதான் துணியை ஊறப்போடுவார். அப்புறம் வெள்ளாவி. வேட்டி பால் மாதிரி இருக்கும். உங்கள் அம்மிச்சி கூறைப் பட்டுக்குப் பூந்திக்கொட்டைதான். தலைக்குச் சீயக்காய். சோப்பெல்லாம் எங்களுக்குக் கடைசியில் வந்தது."]

சித்தி: அப்பா சொல்வதில் அவ்வளவு வேதியியல் இருக்கிறது! உவர்மண்ணில் இருப்பதும் சோடியம் கார்பனேட்தான், வாஷிங் சோடாவேதான். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரைப்பது சபோனின். அது கொழுப்பு அமில உப்பு இல்லை, கால்சியம் வந்தாலும் திரிந்துபோகாது. அதனால்தான் நம் ஊர் கிணற்றுத் தண்ணீருக்குச் சீயக்காய் அவ்வளவு பொருந்தியது.

சின்ன அத்தை: சரி, இந்தப் பக்கெட்டை என்ன செய்ய? தேங்காய் நாரில் தேய்த்தும் போகவில்லை.

சித்தி: எலுமிச்சை மூடியோ ஊறவைத்த புளியோ போட்டுத் தேய்த்துப் பத்து நிமிசம் விடுங்கள். அமிலம் பட்டால் கால்சியம் கையை விட்டுவிடும். மிஞ்சுகிற பசையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். தலைக்கும் அப்படித்தான். கடைசி மக்குத் தண்ணீரில் அரை எலுமிச்சை பிழிந்து அலசுங்கள், கண்ணில் படாமல்.

சித்தி: சின்னண்ணா, உங்கள் கட்டுத்தரையில் இதே பொருள் மூட்டையில் இருக்கிறது, தெரியுமா?

சின்ன மாமா: என்னது?

சித்தி: கன்று போட்ட மாட்டுக்கு பைபாஸ் ஃபேட் என்று வாங்கிப் போடுகிறீர்களே, அது பனை எண்ணெய்க் கொழுப்பு அமிலத்தின் கால்சியம் உப்பு. நங்கை பக்கெட்டில் ஒட்டியிருப்பதற்குச் சொந்தக்காரன்.

சின்ன மாமா (8:47): நிஜமாகவா? நாளுக்கு 150 கிராம் தீவனத்தில் கலந்து வைக்கிறேன். முந்தி கறவை இறங்கினபோது தேங்காய் எண்ணெயையே தவிட்டில் ஊற்றிப் பார்த்தேன். மாடு கழிந்தது, பாலில் கொழுப்பும் இறங்கிவிட்டது. சொசைட்டியில் விலை குறைத்துவிட்டார்கள்.

சித்தி: எண்ணெயை அப்படியே கொடுத்தால் முதல் வயிற்றில் வைக்கோலைச் செரிக்கிற நுண்ணுயிர்களை அது முடக்கிவிடும், நாரிலும் படிந்துவிடும். கால்சியம் உப்பாகக் கொடுத்தால் அங்கே கரையாது. அந்த வயிற்றில் அமிலம் குறைவு, பி.எச். 6க்கு மேல். சும்மா கடந்து போய்விடும். நாலாவது வயிற்றில் அமிலம் கடுமை, பி.எச். 2, 3. அங்கே எலுமிச்சை பட்ட பக்கெட் மாதிரி கால்சியம் பிரிந்து, கொழுப்பு குடலில் ஏறி மாட்டுக்குச் சத்தாகிறது.

சின்ன மாமா: மூட்டையில் எழுதியிருக்கிறதைப் பார்த்துப் பல வருசமாகப் போடுகிறேன், ஏன் என்று யாரும் சொன்னதில்லை. குளிக்க ஆகாதது கறவைக்கு ஆகிறது.

மாப்பிள்ளை, பொள்ளாச்சி: எங்கள் மருந்துக்கடையிலும் இது உண்டுங்க. மாத்திரை அட்டைகளில் மெக்னீசியம் ஸ்டீரேட் என்று பார்த்திருப்பீர்கள். மாத்திரைத் தூள் அச்சில் ஒட்டாமல் வழுக்கி வர, நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சேர்ப்பார்கள். அதுவும் கொழுப்பு அமில உப்புதான். பயப்பட ஒன்றும் இல்லை.

தம்பி: பம்புசெட் மோட்டார் பேரிங்குக்கு வைக்கிற கிரீஸும் சோப்புதானே சித்தி?

சித்தி: ஆமாம் சாமி. இப்போது பரவலாக விற்பது லித்தியம் கிரீஸ். விளக்கெண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தி, அதிலிருந்து எடுக்கிற அமிலத்தின் லித்தியம் உப்பு. அந்தச் சோப்பு நார் நாராகப் பின்னிக்கொண்டு, பஞ்சு தண்ணீரைப் பிடிக்கிற மாதிரி எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். பேரிங் சூடானாலும் 180 டிகிரி வரை உருகி ஒழுகாது. சோடியம் சோப்பில் செய்த கிரீஸ் தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

பெரிய அத்தை, காங்கேயம் (9:15): நானும் வீட்டில் சோப்பு செய்து பார்க்கலாமா கண்ணு? எண்ணெய்க்கா பஞ்சம்.

நான்: தாராளமாகச் செய்யலாமுங்க அத்தை. ஆனால் நான் பட்ட இரண்டு அடியைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை காஸ்டிக் சோடாவை அலுமினியக் குண்டாவில் கரைத்தேன். புஸ் என்று பொங்கிக் கறுத்துப்போனது, கிட்டே நிற்க முடியவில்லை. அலுமினியத்தை அது அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வரில்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, எண்ணெயை லிட்டரில் அளந்தேன். ஒரு லிட்டர் 920 கிராம்தான். கிலோ கணக்குக்குப் போட்ட காரம் மிஞ்சிப்போய்க் கையெல்லாம் எரிந்தது. அந்த ஈடு முழுவதையும் ஒதுக்கிவிட்டேன்.

சித்தி: முக்கியமான பாடம். தேங்காய் எண்ணெய் ஒரு கிலோவுக்கு 183 கிராம் காஸ்டிக் சோடா சரியாகப் போகும். 5 சதவீதம் எண்ணெய் மிச்சம் நிற்கட்டும் என்று 174 கிராம் போடுவோம். தண்ணீரில்தான் காரத்தைக் கொட்ட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது. வெட்டிய பிறகு நாலு வாரமாவது காற்றில் காய வேண்டும்.

நான்: சித்தி, தாராபுரத்துத் தண்ணீருக்கு ஏற்ற மாதிரி சோப்பிலேயே ஏதாவது சேர்க்க முடியுமா? அத்தைக்கு நுரை வர வேண்டும், அதுதான் எனக்கு.

சித்தி: முடியும். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். கிலோ எண்ணெய்க்கு 20 கிராம். முதலில் தண்ணீரில் அதைக் கரைத்துவிட்டு அப்புறம் காரம். அது காரத்தைத் தின்னும், அதனால் கிலோவுக்கு இன்னும் 12 கிராம் காஸ்டிக் சேர்த்துக்கொள். அது சோடியம் சிட்ரேட்டாகி, கால்சியத்தைச் சோப்புக்கு முன்னால் பிடித்து வைத்துக்கொள்ளும். வளையம் அடியோடு போகாது, ஆனால் நன்றாகக் குறையும். கரைக்கக் கேன் தண்ணீர்தான், போர் தண்ணீர் வேண்டாம்.

பெரிய மாமா: இன்று பொழுதோட 5 லிட்டர் டின் எடுத்து வைக்கிறேன். தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன், எண்ணெய் மட்டும் 4 கிலோ 600.

நான்: அப்படியானால் காஸ்டிக் 800 கிராம், எலுமிச்சை உப்பு 92 கிராம், அதற்காக மேலே 55. மொத்தம் காஸ்டிக் 855. சரிங்களா சித்தி?

சித்தி: சரி.

சின்ன அத்தை (9:52): [படம்: அதே நீலப் பக்கெட், வளையம் இல்லாமல். பக்கத்தில் பிழிந்த எலுமிச்சை மூடி]

சின்ன மாமா: அண்ணா, காலையில் நான் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாமுங்க.

பெரிய மாமா: அதை அப்போதே விட்டாச்சு தம்பி. ஞாயிற்றுக்கிழமை வரும்போது போன தடவை கொண்டு போன காலி டின்னைக் கொண்டு வா.