புதுப்பிப்பு: 'தனித்தேர்வராக எழுதட்டும்' என்றார்களே, அந்த விஷயம்

போன மாதம் எழுதியிருந்தேன்: பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டுமென்று, கற்றல் குறைபாடுள்ள என் மகனை, பள்ளிக் கணக்கில் வராத தனித்தேர்வராக எழுதச் சொன்னது கடலூரில் அவன் படிக்கும் பள்ளி. நீங்கள் சொன்னபடியே கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21 வகைகளில் இந்தக் குறைபாடும் உண்டு என்று அதில் குறிப்பிட்டேன்.

அப்புறம் பள்ளியின் பேச்சே மாறிவிட்டது. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாவற்றுக்கும் மருத்துவச் சான்றோடு விண்ணப்பம் போயிருக்கிறது. கணக்கு டீச்சர் ஆரம்பத்திலிருந்தே எங்கள் பக்கம். அவரையும் மீட்டிங்கில் நிற்கவைத்து, 'உங்க பாடத்தில் எத்தனை ஃபெயில்?' என்று கேட்பார்களாம், பாவம்.

பையன் இன்னும் கடைசி பெஞ்சில்தான். சரி, அதைப் பற்றிப் பேச அடுத்த வாரம் போகிறேன்.