முள்ளந்தண்டு இடைத்தட்டுக் கலங்களை வளர்க்க எந்தக் கூழ் பொருத்தம்?

கேள்வி (இறுதியாண்டு மாணவி, யாழ்ப்பாணம்):
மாட்டு வாலின் இடைத்தட்டிலிருந்து (முள்ளென்புகளுக்கு இடையே மெத்தைபோல அமைந்த தட்டு) பிரித்தெடுத்த மையக் கலங்கள், பிளாஸ்டிக் கிண்ணத்தில் பரவி வளரும்போது உருண்டை வடிவத்தை இழந்து நீண்டுவிடுகின்றன. ஆய்வுகூடத்தில் கூழாக்கக்கூடிய அல்ஜினேற்றும் (கடற்பாசியிலிருந்து பெறுவது) கைற்றோசானும் இருக்கின்றன. எதை எடுப்பது?

மறுமொழி 1:
தங்கச்சி, கடினமான தட்டைப் பரப்பில் அக்கலங்கள் நார்க்கலங்களைப் போல மாறி, இரண்டாம் வகைக் கொலாஜனையும் அக்ரிகானையும் (தட்டில் நீரைப் பிடித்துவைக்கும் புரதம்) குறைத்து, முதலாம் வகைக் கொலாஜனைக் கூட்டுவது நன்கறிந்த இயல்பு. அல்ஜினேற்றையே எடுங்கள். 1.2 சதவீதக் கரைசலில் கலங்களைக் கலந்து, ஊசிவழியே கல்சியம் குளோரைட்டுக் கரைசலினுள் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு துளியும் வெந்த சவ்வரிசி போல உடனே இறுகிவிடும். அதனுள் கலங்கள் மீண்டும் உருண்டையாகும். பின்னர் சோடியம் சித்திரேற்றுக் கரைசலை ஊற்றினால், அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ள மணிகள் கரைந்து, கலங்களை உயிருடன் மீட்கலாம்.

மறுமொழி 2:
கைற்றோசானை அவ்வளவு எளிதில் ஒதுக்கலாகாது. நண்டு, இறால் ஓடுகளிலிருந்து பெறப்படுவதால் நமது கடனீரேரிக்கு அது அந்நியமுமல்ல. கிளிசரோபொஸ்பேற்று என்னும் உப்புடன் சேர்த்தால் அறை வெப்பநிலையில் திரவமாக இருந்து 37 பாகை செல்சியசில் கூழாவதால், ஊசியால் தட்டினுள் செலுத்தும் ஆய்வுகளுக்கு அதுவே ஏற்றது. அல்ஜினேற்று மணிகளோ வளர்ப்பூடகத்தில் நாளடைவில் கல்சியத்தை இழந்து தளர்ந்துவிடும்.

மறுமொழி 3:
எந்தக் கூழாயினும் ஒட்சிசன் அளவை மறக்க வேண்டாம். வளர்ந்தவரின் இடைத்தட்டு நடுவில் குருதிக்குழாய்களே இல்லையாதலால், அக்கலங்களை 5 சதவீத ஒட்சிசனிலும் குறைந்த குளுக்கோசிலும் வளர்ப்பதே இயற்கைக்கு நெருக்கமானது. தட்டின் நார்த்தன்மையான புறவளையத்தின் அடுக்கமைப்பை உருவாக்க இக்கூழ்கள் மட்டும் போதா; அதற்கு ஒரே திசையில் அடுக்கிய பொலிகப்ரோலாக்டோன் (மெல்லச் சிதையும் ஒரு பிளாஸ்டிக்) இழைகள் உதவும்.

மாணவி:
நன்றி. மீட்டெடுத்து அளக்க வேண்டியிருப்பதால் அல்ஜினேற்றில் தொடங்குகிறேன். ஒட்சிசனைக் குறைக்கத் தேவையான நைதரசன் உருளைக்கு இரசாயனவியல் துறையில் கேட்டுப் பார்க்கிறேன்.