மறு: லோக்கல், ஜெனரல் அனஸ்தீசியா – செவிலிய மாணவர் பாடத்துக்கான சொற்கள்

வணக்கம்.

லோக்கல் அனஸ்தீசியாவுக்கு (ஓரிடத்தில் மட்டும் வலி தெரியாமல் செய்வது) முன்மொழிந்திருக்கும் ‘உள்ளிட மயக்க மருந்து’, ஜெனரலுக்கு (நினைவே இல்லாமல் செய்வது) முன்மொழிந்திருக்கும் ‘பொது மயக்க மருந்து’ இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. மூலச்சொல் ஒன்று, அதனால் தமிழிலும் ஒரே வேர் வேண்டும் என்ற வாதம் அகராதிக்குச் சரி. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மாணவிக்கு அது உதவாது.

லோக்கலுக்கான மருந்துகளான லிக்னோகெயினோ புபிவக்கெயினோ ஓரிடத்தில் போடும்போது யாரையும் மயக்குவதில்லை. நரம்பிழையில் சோடியம் நுழையும் வாயிலை அடைத்து, வலிச் சேதி மூளைக்குப் போகாமல் தடுக்கின்றன. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருப்பார். நம் பேச்சில் ‘மயக்கமா வருது’ என்றால் தலைசுற்றல், கண் இருட்டுவது. முதுகுத்தண்டில் ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒருவர் அப்படிச் சொன்னால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். உடனே அளந்து பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘மயக்க மருந்துதானே, மயக்கம் வரத்தான் செய்யும்’ என்று மாணவி இருந்துவிட்டால் தப்பு சொல்லிலும் இருக்கிறது.

மாற்றாகச் சொல்லப்படும் ‘உணர்விழப்பு’ இன்னும் குழப்பம். ‘உணர்விழந்து கிடந்தார்’ என்றால் நினைவு தப்பியதாகத்தான் நாம் படிப்போம். தவிர, லோக்கலில் எல்லா உணர்வும் போய்விடாது. வலி அடங்கிய பிறகும் அழுத்துவது, இழுப்பது பலருக்குத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்துவிடுவார்கள்.

என் பரிந்துரை ‘மரப்பு’. மரத்துப்போகிற ஊசி என்று மக்கள் ஏற்கெனவே சொல்வதுதான். இட மரப்பு, பகுதி மரப்பு, தண்டுவட மரப்பு என்று வரிசையாக அமைகிறது. ஓர் ஒற்று விழுந்தால் ‘மரபு மருந்து’ ஆகி வைத்தியமே மாறிவிடும் என்ற கவலை நியாயமானது. மெய்ப்பு பார்ப்பவர் கவனிக்கட்டும். இலங்கை வழக்கின் ‘விறைப்பு’ நல்ல சொல்தான், ஆனால் தசை இறுகுவதற்கும் அதே சொல்லைப் பாடத்தில் புழங்குகிறோம்.

‘இட’ என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. லிக்னோகெயின் இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலந்தால் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், காது இரையும், நாக்கில் உலோகச் சுவை தட்டும்; அப்புறம் வலிப்பு, முற்றினால் இதயமே நின்றுபோகலாம். ஊசி கையில், மரப்பு உதட்டில் என்றால் அது நச்சுக்குறி. சொல்லிலேயே இடம் இருந்தால் இதை விளக்குவது சுலபம். லிக்னோகெயினும் லிடோகெயினும் ஒரே மருந்து என்று சொற்பட்டியல் பதிவிலேயே குறித்துவிடுங்கள். குப்பியில் எந்தப் பெயரும் இருக்கலாம்.

ஜெனரலுக்கு ‘முழு மயக்கம்’ போதும். ‘பொது’ என்றால் எல்லாருக்கும் உரியது என்றல்லவா ஆகிறது? ஜெனரலுக்குக் கொடுக்கும் புரோப்போஃபால் என்ற மருந்துக்கு ‘மயக்கம்’ கச்சிதமாகப் பொருந்தும்: நினைவைப் போக்கும், வலி நிவாரணி அல்ல, அதற்கு ஃபென்டனில் போன்றவை தனியே வேண்டும். இன்னொரு மருந்தான கெட்டமின்தான் கொஞ்சம் இடிக்கிறது. வலியும் அடங்கும், ஆனால் கண் திறந்தே இருக்கலாம். அதற்காகத் தனித் தலைப்பு தேவையில்லை, ஒரு வரி விளக்கம் போதும்.

இரண்டையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் ‘அனஸ்தீசியா’ என்றே விடலாம். வார்டில் எல்லாரும் சொல்வது அதைத்தானே.

செடேஷனுக்கு (மருந்து கொடுத்து நோயாளியை அமைதிப்படுத்துவது) ‘அரைமயக்கம்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கான மருந்தான மிடசோலம் குறைந்த அளவில் கொடுக்கப்பட்ட நோயாளி, கேட்டதற்குப் பதில் சொல்வார். அது கால் மயக்கம்கூட இல்லை. ‘தணிப்பு’ பரவாயில்லை என்று படுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள், அந்தப் பதிவை மட்டும் இன்னும் முடிக்கவில்லை.