ஹோண்டா சிட்டி: புது கியர் நாப் இறுகி நிற்காமல் சுற்றுகிறது

கார் 2010 ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் மேனுவல். ஊர் கோவை. பழைய நாப் (கியர் லீவர் தலையில் இருக்கும் பிடி) உரிந்துபோனதால் போன மாதம் ஆன்லைனில் அலுமினிய உருண்டை நாப் வாங்கினேன். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று லீவருக்கும் நாப்புக்கும் நடுவில் செருகும் பிளாஸ்டிக் புஷ்களும் (குழாய் மாதிரி உறைகள்) குட்டி அலன் ஸ்குரூக்களும் சேர்த்துத் தருவார்களே, அந்த வகை. மாட்டியபோது கல் மாதிரி நின்றது. இப்போது இரண்டாவது கியருக்கு இழுத்தால் அரைச் சுற்று திரும்புகிறது, 3000 ஆர்பிஎம் தாண்டினால் கிணுகிணு சத்தம் வேறு.

ஸ்குரூவை இறுக்கினேன், புஷ் நசுங்கியதுதான் மிச்சம். டெஃப்லான் டேப் சுற்றினேன், சீக்கிரமே தளர்ந்துவிட்டது. லீவரில் இருப்பது 10 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட மரை. கடைகளில் கேட்டால் 12 மி.மீ., 1.25-ஐத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

புஷ் இல்லாமல் இந்த மரையிலேயே நேராகத் திருகி மாட்டும் நாப் கோவையில் எங்கே கிடைக்கும்?