சுரங்கம் மூடிய ஊரில் டிரம்பெட் பழகும் சிறுவன்

கேள்வி: 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் வளரும் என் தங்கை மகன் ஆலய பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான், விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்து எங்கள் பாடகர் குழுவோடு வாசித்தபோது, கீபோர்டோடு சுருதி சேரவே இல்லை என்று மிகவும் வருந்தினான். என்ன செய்யலாம்?

பதில்: அண்ணாச்சி, குறை பையனிடம் இல்லை. பி-ஃபிளாட் டிரம்பெட்டில் ‘சி’ என்று எழுதியதை ஊதினால் ஒரு முழுச் சுரம் தாழ்ந்து பி-ஃபிளாட்டாகத்தான் ஒலிக்கும் என்பதால், கீபோர்டு சி மேஜரில் வாசிக்கும்போது அவன் டி மேஜரில் வாசிக்க வேண்டும்.

பதில்: உச்சச் சுரங்களுக்காக வாய்முனையை உதட்டில் அழுத்த விடாதீர்கள், உதடு கன்றிவிடும்.

பதில்: இங்கிலாந்தில் கிரைம்தார்ப் நிலக்கரிச் சுரங்கம் 1993-இல் மூடப்பட்ட பின்னரும், 1917-இல் தொடங்கிய அதன் பித்தளை இசைக்குழு தொடர்ந்து வாசித்து வருவதை அவனிடம் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் எங்கள் ஆலயப் பயிற்சிக்கும் அவசியம் அழைத்து வாருங்கள்.