கடல் அட்டைத் தடையை எடுக்கலாமா, கூடாதா?

பாம்பன்காரன்:
ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் கடல் அட்டை எடுப்பது, அதாவது கடல் தரையில் ஊர்கிற வெள்ளரிக்காய் போன்ற உயிரைப் பிடிப்பது, தலைமுறை தலைமுறையாக இருந்த தொழில். குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைத்தால் சிங்கப்பூர், ஹாங்காங், சீனா வரை போகும். 2001-இல் மத்திய அரசு எல்லா வகை அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கிற அட்டவணை அது. மாட்டினால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை.

இரண்டு பக்கமும் ஒரே கடல்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் இருந்தால் இது சட்டப்படியான தொழில், இந்தப் பக்கம் குற்றம். இதனால் அட்டை பிழைத்ததா? இங்கே எடுத்ததை ராத்திரியில் அக்கரைக்குக் கடத்துகிறார்கள், அங்கிருந்து சட்டப்படி ஏற்றுமதியாகிறது. மண்டபம் பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்திகளை எல்லோரும் படித்திருப்பீர்கள். காசு கடத்துகிறவனுக்கு, வழக்கு முக்குளித்தவனுக்கு. தடையை எடுத்துவிட்டு அளவு வைத்துப் பிடிக்க உரிமம் கொடுங்கள். இதுதான் என் கருத்து.

கடற்புல்:
அண்ணே, கடத்தல் பற்றி நீங்கள் சொல்வது நடப்புதான். ஆனால் "அளவு வைத்துப் பிடிக்கலாம்" என்பதை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. 1982-இலேயே 3 அங்குலத்துக்குக் குறைவான உலர்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று விதி போட்டார்கள். அதற்குப் பிறகும் பிடிபாடு சரிந்துகொண்டேதான் போனது. காய்ந்து சுருங்கிய பிறகு கரையில் வைத்து அளந்து என்ன பயன்? அதற்குள் அது செத்துப் பல நாள் ஆகியிருக்கும்.

அட்டையின் உயிரியலையும் கொஞ்சம் பாருங்கள். ஆண் அட்டையும் பெண் அட்டையும் தனித்தனி. விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும், அவை கடலில்தான் சந்திக்க வேண்டும். மெல்ல ஊர்கிற உயிர், தேடிப் போய்ச் சேராது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கரு உண்டாகும். ஒரு பரப்பில் பாதியை எடுத்துவிட்டால் மீதிப் பாதி பெருகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. மீதி இருக்கிறவை உயிரோடு இருந்தும் இனம் பெருகாமலே போகலாம். ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் நடுவே டாரஸ் நீரிணையில் வெள்ளை அட்டை என்ற வகை சரிந்துபோய் 1998-இல் பிடிப்பை மூடினார்கள். மூடிப் பல வருடம் ஆகியும் பழைய நிலைக்கு வரவில்லை.

அட்டை இல்லாத கடல் தரை என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலைத் தின்று, சுத்தமான மணலை வெளியே விடுகிற உயிர் இது. பிரெஞ்சு பாலினேசியாவில் மோரியா தீவில் அட்டைகளை அகற்றிவிட்டுச் சோதித்தார்கள். அகற்றிய இடத்தில் பவளம் நோய் வந்து அதிகமாகச் செத்தது. அந்த ஆய்வு 2024-இல் வெளியானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளம்தானே இருக்கிறது?

பாம்பன்காரன்:
தம்பி, பவளத்துக்காக இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் விசைப்படகு இழுக்கிற மடி வலையைப் பற்றி ஏன் பேசுவதில்லை? இழுவை மடி தரையோடு தரையாகச் சுரண்டுகிறது. கடற்புல், குஞ்சு மீன், அட்டை எல்லாம் ஒரே அள்ளாக வருகிறது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது, ஓடுகிறதா இல்லையா என்று கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நாட்டுப்படகுக்காரன் வலையில் தானாக ஏறிய அட்டையைக் கரைக்குக் கொண்டுவந்தாலே குற்றவாளி. எங்கள் சொந்தத்தில் ஒருவர் அப்படி மாட்டி, வழக்குக்கு அலைந்தே படகை விற்றார். தடை போட்டபோது எங்கள் ஊருக்கு வந்து ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு தொழிலும் காட்டவில்லை.

உவரிக்காற்று:
இது முக்கியம். ஏழை மட்டும் மாட்டுகிற சட்டத்தை எந்த ஊரும் காவல் காக்காது.

கடற்புல்:
இழுவை மடி விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான் அண்ணே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் மட்டும் போதாது, கரையோரக் கடற்புல் பரப்பில் மடியே இறங்கக்கூடாது. ஆனால் அதற்காக அட்டையைத் திறந்துவிட்டால் மடிக்கு இன்னொரு லாபம் சேர்ந்துவிடும். இன்று அட்டை வந்தால் மறைக்க வேண்டியிருக்கிறது. நாளை உரிமம் வந்தால் அது சட்டப்படியான சரக்கு. உரிமம் முதலில் யார் கைக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்? முக்குளிக்கிறவர் கைக்கா, படகு முதலாளி கைக்கா?

செல்வி:
நான் தூத்துக்குடி. பிடிப்பு வேண்டும், வேண்டாம் என்று இரண்டே பக்கமாக ஏன் நிற்கிறோம்? வளர்க்கலாமே. 1988-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இங்கே தூத்துக்குடியில்தான் வெள்ளை அட்டையை முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது. உலகத்திலேயே முதல் முறை. இன்று வியட்நாமிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் அட்டை வளர்க்கிறார்கள். வழி கண்டுபிடித்த ஊரில் வளர்ப்பதற்கும் வழியில்லை.

மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் கிராமத்துக் குடும்பங்களே ஆழமில்லாத கடலில் வலைவேலி கட்டி வளர்க்கின்றன. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வாங்குகிறார்கள். பெண்களும் அதில் பங்குதாரர்கள். இங்கேயும் அவிப்பதும் காயவைப்பதும் பெண்கள் கை பட்ட வேலைதான். தடை வந்ததும் அந்தக் கூலி போனது, அதைப் பற்றி இந்த விவாதத்தில் இதுவரை யாருமே பேசவில்லை.

யாழ்க்கரை:
செல்வி அக்கா, பண்ணை என்று கேட்டவுடன் சந்தோசப்பட வேண்டாம். எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து அரியாலையில் சீன முதலீட்டோடு குஞ்சு உற்பத்தி நிலையம் வந்தது. பிறகு யாழ்ப்பாணம், கிளிநொச்சி கடலேரிகளில் பண்ணைகள் மளமளவென்று பரவின. பூநகரிப் பக்கம் கிராஞ்சியில் 2022-இல் சனம் மாதக்கணக்காகப் போராட்டத்தில் இருந்தது. ஏன் தெரியுமா? பண்ணை என்பது கடலில் போடும் வேலி. சிறகுவலை போடும் இடமும், வள்ளம் போகும் பாதையும், கரையோரம் நடந்தே இறால் பிடிக்கும் ஆட்களின் இடமும் ஒரே தண்ணீர்தான். அதில் வேலி போட்டால் நேற்று வரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த கடல் இன்று ஒருவருடைய காணி ஆகிவிடுகிறது.

குஞ்சு பற்றாக்குறை வந்தால் கடலில் இருக்கும் சின்ன அட்டைகளைப் பிடித்துக் கொண்டுவந்து பண்ணையில் விடுகிற ஆசையும் வரும். அப்போது கடலில் தானாக வளரும் அட்டையும் மிஞ்சாது. பண்ணையால் வருமானம் பார்த்த குடும்பங்களும் இருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் அனுமதி கொடுத்தது, எந்தச் சங்கத்தைக் கேட்டுக் கொடுத்தது என்பதிலேதான் எங்கட சண்டை எல்லாம் தொடங்கியது.

செல்வி:
யாழ்க்கரை தம்பி சொல்வது முதலீட்டாளர் பண்ணையின் கதை. ஊர்ச் சங்கத்தின் கையில் இடமும் குஞ்சும் இருந்தால் அந்தக் கதை மாறலாம் இல்லையா? கரைவலைக்குப் பாடு முறை வைத்து மாற்றி மாற்றி இழுக்கத் தெரிந்த ஊர்கள் இவை. பாதையை விட்டுவிட்டு எங்கே வேலி கட்டலாம் என்று முடிவு செய்ய அவர்களுக்குத் தெரியாதா?

யாழ்க்கரை:
தெரியும் அக்கா. அந்த முடிவை அவர்களிடம் விடுவார்களா என்பதுதான் கேள்வி. ஒரு கிலோ உலர்ந்த வெள்ளை அட்டைக்கு வெளிநாட்டில் கிடைக்கிற விலையைப் பார்த்தால் ஊர்ச் சங்கத்தோடு நிற்காது.

பாம்பன்காரன்:
பண்ணை எனக்கும் முழு நிம்மதி தரவில்லை. முக்குளிக்கிறவனுக்குக் கடல்தான் வேலை, வேலிக்குக் காவலாளாக நிற்பதில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன் தம்பி கடற்புல். லட்சத்தீவில் 2020-இல் செரியபாணியில் அட்டைக்கென்றே தனிக் காப்பகம் அறிவித்தார்கள். பாக் விரிகுடாவில் கடல் பசுவுக்கு 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022-இல் வந்தது. இடம் குறித்துக் காக்க முடியும் என்று அரசே காட்டிவிட்டதல்லவா? அப்படியானால் அட்டை நிறைந்த பரப்புகளைக் குறித்து மூடுங்கள், நாங்களே காவல் இருக்கிறோம். வெளியே இருக்கிறதை எண்ணிப் பார்த்து, எங்கே தாங்குமோ அங்கே மட்டும் மூழ்கிக் கையால் எடுக்க விடுங்கள். மடிக்கு அனுமதி கிடையாது, முக்குளிப்பவன் பெயரில் மட்டும் உரிமம், அதை விற்கவும் முடியாது. இதிலும் ஆட்சேபமா?

கடற்புல்:
எண்ணிப் பார்ப்பது முதலில் நடக்க வேண்டும், அதில் உங்கள் ஆட்கள் நீரில் கூட இருக்க வேண்டும். பகலில் மணலில் புதைந்து கிடக்கிற உயிரை எங்கே தேடுவது என்று உங்களுக்குத்தான் தெரியும். தற்செயலாக வலையில் வந்த அட்டைக்குச் சிறை என்பதை இன்றே மாற்றலாம், அதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஊர்ச் சங்கம் குஞ்சு வாங்கி வளர்ப்பதற்கும் சோதனை அனுமதி கொடுக்கலாம். ஆனால் கடலிலிருந்து எடுக்கிற உரிமத்துக்கு இப்போது சம்மதிக்க மாட்டேன். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெள்ளை அட்டையை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று பட்டியலிட்டிருக்கிறது. கணக்கு கையில் வரட்டும், அப்புறம் பேசுவோம்.

பாம்பன்காரன்:
கணக்கு எடுக்க ஆள் அனுப்பச் சொல்லுங்கள். 2001-லிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். படகு எங்களுடையது, மூழ்குகிற ஆளும் எங்களிடம் இருக்கிறான்.