மறு: ரன் அவுட்டுக்குத் தமிழ்: 'கோட்டம்' இருக்கிறதே!

> ரன் அவுட், பேரிங் பிளே இரண்டையும் 'ஆட்டம்' என்றே சொல்லிவிட்டால் எளிது அல்லவா?

எளிதுதான் ஐயா, ஆனால் வண்டிக்காரருக்குக் காசு தண்டம். ரன் அவுட் என்பது சுற்றும் தண்டு தன் அச்சுக்கு ஒத்துச் சுற்றாமல் விலகி அடிப்பது; பேரிங் பிளே என்பது பேரிங்கின் உள்ளே இருக்கும் தளர்வு. பேரிங் தேய்ந்து வந்த ஆட்டம், பேரிங்கை மாற்றினால் போய்விடும். ரன் அவுட் போகாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாத சொல் நமக்கு எதற்கு?

யமஹா ஆர்எக்ஸ்100 பைக்கின் கிராங்கையே (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) எடுத்துக்கொள்வோம். அது ஒரே துண்டு அல்ல. இரண்டு பாதிகளைப் பிக் எண்ட் பின்னில், அதாவது பிஸ்டனோடு இணைக்கும் கன்ராடின் பெரிய முனை மாட்டும் முளையில், அழுத்திச் சேர்த்தது. கன்ராடு கிட் மாற்றப் பிரித்து, திரும்பப் பிரஸ்ஸில் ஏற்றினால் இரண்டு பக்கத் தண்டும் ஒரே நேர்கோட்டில் உட்காருவது அபூர்வம். அதனால்தான் லேத்தில் இரு சென்டருக்கு நடுவே மாட்டி, பேரிங் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் (நுண்ணிய விலகலை ஊசியால் காட்டும் அளவி) வைத்துச் சுற்றிப் பார்த்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்குகிறார்கள். இந்த வகை எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில் வரம்பு 0.03 முதல் 0.05 மி.மீ. வரைதான். அதை மீறிய கிராங்கில் புதுப் பேரிங் போட்டால் அதுவும் சீக்கிரமே கத்தத் தொடங்கும். தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் சீலின் உதடும் தேய்ந்து காற்று இழுக்கும்.

இன்னொன்று. பழைய பேரிங்கைக் கழற்றாமல் அதன் மேலேயே தாங்கவைத்து அளந்தால், பேரிங்கின் ஆட்டமும் ஊசியில் சேர்ந்து ஏறும். சி3 என்று குறியிட்ட (வழக்கத்தைவிட உள்தளர்வு கூடிய) புதுப் பேரிங்கில் கொஞ்சம் ஆட்டம் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். இறுக்கி ஏற்றும்போதும் சூட்டிலும் அது குறையும். ஆக, ஆட்டம் ஓரளவு தேவையானது. ரன் அவுட் பிழை மட்டுமே.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'ரன் அவுட்' என்று எழுதினால் பாதிப் பேருக்குக் கிரிக்கெட் ஞாபகம்தான் வரும். 'ஓட்டப் பிறழ்வு' அகராதியில் பிறந்து அங்கேயே செத்துப்போகும் சொல். சைக்கிள் கடையில் ரிம் நெளிந்தால் என்ன சொல்கிறோம்? 'கோட்டம் எடுக்கணும்.' சுற்றும் பொருள் தன் அச்சுக்கு ஒத்துச் சுற்றாததைத்தானே அது சொல்கிறது! குறளின் 'சொற்கோட்டம்', 'உட்கோட்டம்' எல்லாம் இதே கோணல்தான். அதற்கு எதிராக வள்ளுவர் வைத்த சொல் செப்பம். கோவிலும் கோட்டம்தானே என்று யாராவது கேட்பீர்கள். கிராங்க் கோட்டம் என்றால் எவரும் தேங்காய் பழத்தோடு வரமாட்டார்.

ஒரு எச்சரிக்கை: டயல் காட்டுவது மொத்த வீச்சு. மையம் 0.02 விலகியிருந்தால் ஊசி 0.04 காட்டும். எனவே கோட்டம் என்பது ஊசியின் மொத்த வீச்சு, மைய விலகல் வேறு என்று வரையறையிலேயே எழுதிவிட வேண்டும்.

டாலரன்ஸுக்கு (அளவில் அனுமதிக்கும் விலகல்) 'சகிப்புத்தன்மை' போட்டிருந்த ஒரு கலைச்சொல் பட்டியலையும் பார்த்தேன். கிராங்க் என்ன, மாமியாரா? இங்கே 'கோட்ட வரம்பு' போதும். பக்கவாட்டில் அடிப்பதற்குப் 'பக்கக் கோட்டம்' சரியா என்று லேத் பட்டறையில் பழகியவர்கள் சொல்லுங்கள்.